பரணில் தட்டு, கையில் போன்: காசை எதில் போடுவது?

மாட்டுங்கா, செம்பூர், முலுண்ட் என்று மும்பையில் இரண்டு மூன்று தலைமுறையாகத் தமிழர்கள் குடியிருக்கும் வீடுகளில் பரணை ஒழித்தால் ஒரு பெட்டி கிடைக்கும். உள்ளே இருபது, முப்பது எல்.பி. தட்டுகள் இருக்கும். எச்.எம்.வி. வெளியிட்ட கர்நாடகக் கச்சேரிகள், இன்ரிகோவும் எக்கோவும் போட்ட சினிமாப் பாட்டுகள், நடுவே நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் கனமான பழைய தட்டுகள், அதாவது 78கள், சில. ஹாலுக்கு நல்ல ஒலிக்கருவி வாங்க ஒதுக்கி வைத்த அறுபதாயிரம் ரூபாயைத் தட்டைச் சுழற்றிப் பாடவைக்கும் டர்ன்டேபிளில் போடுவதா, போனில் இருக்கும் பாட்டையே நல்ல ஸ்பீக்கரில் கேட்பதா என்ற கேள்வி பெட்டியை இறக்கிய அன்றே வந்துவிடும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பதிவு செய்த ஒலியைச் சேதமில்லாமல் காதுக்குக் கொண்டுவருவதில் டிஜிட்டல்தான் மேல். இதில் இழுபறி எதுவும் இல்லை. ஆனால் பழைய தமிழ்ப் பாட்டுக்கும் கச்சேரிக்கும் வரும்போது, நல்ல பதிவு எந்த வடிவத்தில் உங்களுக்குக் கிடைக்கிறது என்பதுதான் பெரிய கேள்வி. பல சமயம் அது அந்தப் பெட்டிக்குள் மட்டும்தான் இருக்கிறது.

படிக்கட்டு என்ற தவறான படம்

டிஜிட்டல் என்றால் ஒலியைத் துண்டு துண்டாக நறுக்கிப் படிக்கட்டாக அடுக்குவது, அனலாக் என்றால் முழு அலை அப்படியே ஓடுவது என்று ஒரு படம் எல்லார் மனதிலும் பதிந்திருக்கிறது. அதனால் வீணையின் கமகம் இரண்டு துண்டுகளுக்கு நடுவில் தொலைந்துபோகும் என்று நம்புகிறவர்களும் உண்டு. படம் தவறு. 1982-இல் வந்த சி.டி. ஒரு நொடிக்கு 44,100 முறை ஒலியை அளக்கிறது. அதில் பாதியான 22,050 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள எந்த அலையையும் அந்த அளவுகளிலிருந்து ஒரே ஒரு விதமாகத்தான் திரும்ப வரையமுடியும். டிஜிட்டலை ஒலியாக்கும் டாக் கருவியின் கடைசியில் இருக்கும் வடிகட்டி அந்த வேலையைச் செய்கிறது. அங்கிருந்து வெளியே வருவது வழவழப்பான அலை, படிக்கட்டு இல்லை. கமகம் நொடிக்கு ஆறு தடவை அசைகிறது என்று வைத்துக்கொண்டால் ஒவ்வொரு அசைவுக்கும் 7,350 அளவுகள் இருக்கின்றன. மேல் எல்லையைப் பற்றியும் கவலைப்பட வேண்டாம். இளம் காது கேட்பது 20 கிலோஹெர்ட்ஸ் வரைதான். ஐம்பதைத் தாண்டிய பலருக்கு 13 கிலோஹெர்ட்ஸே எட்டாது.

அடுத்தது இரைச்சல். சி.டி.யின் 16 பிட் என்பது 65,536 படிநிலைகள். மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே சுமார் 96 டெசிபல் இடைவெளி கிடைக்கும். நன்றாக அச்சான எல்.பி.க்கு 60 முதல் 70. இரைச்சலைக் குறைக்கும் டால்பி வசதி இல்லாத கேசட்டுக்கு 50ஐ ஒட்டி. காகிதத்தில் பார்த்தால் சி.டி. எங்கோ நிற்கிறது. வீட்டில் அவ்வளவு தூரம் தெரியாது. மின்விசிறி சுழலும் மும்பை ஹாலில், வெளியே ஆட்டோ ஹாரன் இல்லாத நேரத்திலும், சத்தம் 40 டெசிபலைத் தாண்டும். பாட்டின் உச்சம் 90 என்று வைத்தால் உங்களுக்குப் பயன்படும் இடைவெளியே 50தான். தட்டின் ‘உஸ்’ சத்தத்தை விசிறி விழுங்கிவிடும். ‘டிக், டிக்’ என்ற வெடிப்பை விழுங்காது. வாத்தியங்கள் நிறைந்த சினிமாப் பாட்டில் அது மறைந்துபோகும். தம்புரா மட்டும் ஒலிக்க ஆலாபனை தொடங்கும் இடத்தில் ஒவ்வொரு வெடிப்பும் தனித்தனியாகக் கேட்கும். இதே காரணத்தால் 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்று எழுதிய கருவிக்கு அதிகக் காசு கொடுப்பதிலும் பொருளில்லை. அந்த எண்கள் பதிவுசெய்கிறவருக்கு உதவும், கேட்கிறவருக்கு இல்லை.

சுருதி: உண்மையான வித்தியாசம் இங்கேதான்

நம் இசைக்கு இரைச்சலைவிட முக்கியமானது வேகம். வெளிநாட்டு விமர்சனங்கள் இதை ஒரு வரியில் தாண்டிப் போகும். தம்புராவும் சுருதிப்பெட்டியும் கேட்டு வளர்ந்த காதுக்கு அது போதாது.

எல்.பி. நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்றவேண்டும். வேகம் ஒரு சதவீதம் தவறினால் சுருதி 17 சென்ட் நகரும். ஒரு சுரத்தானத்துக்கும் அடுத்ததுக்கும் உள்ள தூரம் 100 சென்ட் என்பதை நினைத்துப் பாருங்கள். சும்மா கேட்பவருக்கு இது தெரியாது. தட்டோடு சேர்ந்து பாடிப் பழகும் பிள்ளைக்கும், பக்கத்தில் சுருதிப்பெட்டி வைத்திருப்பவருக்கும் உடனே உறுத்தும். குறைந்த விலை பெல்ட் டர்ன்டேபிள்களில் ஒரு சதவீதப் பிழை சாதாரணம். பலவற்றில் மோட்டாருக்கு அடியில் சிறிய திருகு இருக்கும், மெல்லிய ஸ்குரூடிரைவரால் சரிசெய்துகொள்ளலாம். வேகம் பார்க்கக் கோடு போட்ட ஸ்ட்ரோப் தட்டு கிடைக்கும். விளக்கின் மினுக்கலில் கோடுகள் நிற்பது போலத் தெரிந்தால் வேகம் சரி. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் 180 கோடு உள்ள வட்டத்தைப் பார்க்கவேண்டும். 216 கோடு 60 ஹெர்ட்ஸ் நாடுகளுக்கானது. இப்போதைய எல்.இ.டி. விளக்குகள் பல மினுக்குவதே இல்லை என்பதால் அவற்றின் கீழ் கோடுகள் நிற்பது போலத் தெரியாது. ஒரு பழைய குண்டு பல்போ நியான் இண்டிகேட்டரோ வேண்டும்.

மும்பையில் அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று. அமெரிக்காவில் இருக்கும் மாமாவோ அத்தையோ ஊருக்கு வரும்போது அங்கே வாங்கிய பழைய டர்ன்டேபிளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். 110 வோல்ட்டுக்காக லாமிங்டன் ரோட்டில் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மரும் வாங்கி மாட்டுவோம். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டேஜைத்தான் மாற்றும். 50 ஹெர்ட்ஸை 60 ஆக்காது. நேரடியாக மின்சாரத்தின் தாளத்துக்கு ஓடும் ஏ.சி. சிங்க்ரனஸ் மோட்டாராக இருந்தால் தட்டு 33⅓க்குப் பதில் 27.8 சுற்றுதான் சுற்றும். ஐந்து கட்டையில் பாடியவர் மூன்று கட்டையில் பாடுவார், அதுவும் விளம்ப காலத்தில். 50 ஹெர்ட்ஸுக்கான பெரிய புல்லி அந்த மாடலுக்குக் கிடைத்தால் மாற்றலாம். கிடைக்காவிட்டால் அந்தக் கருவி இங்கே பயன்படாது. அடாப்டரில் ஓடும் டி.சி. மோட்டார், குவார்ட்ஸ் கட்டுப்பாடுள்ள டைரக்ட் டிரைவ் ஆகியவற்றுக்கு இந்தத் தொல்லை இல்லை. பிளக்கை மாட்டும் முன் அடியில் ஒட்டியிருக்கும் பட்டையைப் படியுங்கள். ‘60 ஹெர்ட்ஸ்’ என்று மட்டும் இருந்தால் நிதானிக்கவேண்டும்.

இன்னொரு பிழை தட்டிலேயே இருக்கும். நடுத்துளை சரியாக நடுவில் இல்லாத தட்டுகள் நிறைய. துளை ஒரு மில்லிமீட்டர் விலகியிருந்தால், மையத்திலிருந்து பத்து சென்டிமீட்டர் தள்ளி ஓடும் பாட்டில் வேகம் ஒரு சதவீதம் ஏறி ஒரு சதவீதம் இறங்கும், 1.8 நொடிக்கு ஒரு தரம். நாகஸ்வரக்காரர் ஷட்ஜத்தைப் பிடித்து நிற்கும் இடத்தில் இது அலையலையாகத் தெரியும். கண்டுபிடிப்பது எளிது. தட்டு ஓடும்போது ஊசி மாட்டிய தலையைப் பாருங்கள். உள்ளே மெதுவாக நகராமல், தொட்டில் போல இடமும் வலமும் ஆடிக்கொண்டே போனால் துளை விலகியிருக்கிறது. அந்தத் தட்டுக்கு எவ்வளவு விலையுயர்ந்த டர்ன்டேபிளும் மருந்தில்லை.

டிஜிட்டலில் குவார்ட்ஸ் படிகம் வேகத்தைப் பிடித்திருக்கிறது. பிழை பத்து லட்சத்தில் சில பத்துகள்தான், எந்தக் காதுக்கும் அது எட்டாது. ஆனாலும் ஒரு எச்சரிக்கை. பழைய டேப்பிலிருந்து டிஜிட்டலாக மாற்றியவர் டேப்பைத் தவறான வேகத்தில் ஓட்டியிருந்தால் அந்தப் பிழை கோப்பில் உறைந்துவிடும். இணையத்தில் கிடைக்கும் பழைய கச்சேரிகளில் இது அபூர்வம் இல்லை. பாடகரின் வழக்கமான கட்டை தெரிந்திருந்தால் சுருதிப்பெட்டி வைத்துப் பார்த்துவிடலாம்.

‘வெதுவெதுப்பு’ எங்கிருந்து வருகிறது

தட்டில் கேட்டால் குரல் நெருக்கமாக, இதமாக இருக்கிறது என்பது பொய்யில்லை. காரணம்தான் பலர் நினைப்பது இல்லை.

ஊசியின் அசைவை மின்சாரமாக மாற்றும் கார்ட்ரிட்ஜில் இடது, வலது ஒலிகள் ஒன்றோடொன்று கொஞ்சம் கலக்கும். அவற்றுக்கு நடுவே 20 முதல் 25 டெசிபல் பிரிவுதான் கிடைக்கும். சி.டி.யில் 90க்கு மேல். இந்தக் கலப்பு பாடகரை நடுவில் சற்று திரட்டி நிறுத்துகிறது. ஆழமான தாழ்ஒலியை இரண்டு பக்கமும் ஒன்றாகச் சேர்த்துத்தான் தட்டில் வெட்டுவார்கள், இல்லாவிட்டால் ஊசி பள்ளத்தை விட்டுக் குதிக்கும். அளவுக்கு மீறிச் சீறும் ‘ஸ்’ ஒலியைக் கொஞ்சம் அடக்குவார்கள். எல்லாவற்றையும்விடப் பெரியது மாஸ்டரிங், அதாவது வெளியிடும் முன் ஒலியைக் கடைசியாகச் சீர்செய்யும் வேலை. 1990களுக்குப் பிறகு வந்த பல சி.டி.க்களில், ரீமாஸ்டர் என்று வந்தவற்றிலும், ஒலியை நசுக்கி எல்லாவற்றையும் ஒரே உரத்தில் கொண்டுவந்துவிட்டார்கள். மிருதங்கத்தின் வலந்தலை அடி எழும்ப இடமே இருக்காது. அதே பதிவின் பழைய எல்.பி.யில் அடி எழும்பும், நடுவே மௌனம் மௌனமாக இருக்கும். நீங்கள் ரசிப்பது அந்த மாஸ்டரிங் உழைப்பை. அது தட்டில் இருந்ததால் தட்டின் புகழாகிவிட்டது.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். டர்ன்டேபிளின் ஒலியை, அதைப் பெருக்கித் தரும் ஃபோனோ ப்ரீஆம்ப் வழியாகக் கணினியில் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் பதிவுசெய்யுங்கள். பிறகு தட்டையும் அந்தக் கோப்பையும் ஒரே ஆம்ப்ளிஃபயரில், ஒரே உரத்தில், மாற்றி மாற்றிப் போடச் சொல்லி ஒருவரிடம் கொடுத்துவிட்டுத் திரும்பி உட்காருங்கள். உரம் அரை டெசிபல் மாறினாலும் உரத்தது நன்றாக இருப்பதாகத் தோன்றும். அதனால் மீட்டர் வைத்துச் சமன்செய்வது அவசியம். எது தட்டு, எது கோப்பு என்று பிரிக்கமுடியாது. தட்டின் வெதுவெதுப்பு முழுவதும் கோப்பிலும் இருக்கும். டிஜிட்டல் அதைக் கொன்றிருந்தால் அங்கே காணாமல் போயிருக்கவேண்டும்.

2022-இல் ஒரு செய்தி உலகத் தட்டுப் பிரியர்களை உலுக்கியது. அனலாக் தூய்மைக்குப் பேர்போன அமெரிக்க நிறுவனமான மொபைல் ஃபிடெலிட்டி, தன் உயர்விலைத் தட்டுகள் பலவற்றில் இடையே ஒரு டிஜிட்டல் படியை வைத்திருந்தது வெளியே வந்தது. அதற்கு முன் பல ஆண்டுகள் அந்தத் தட்டுகளை அனலாக்கின் உச்சம் என்று தேர்ந்த காதுகளே புகழ்ந்துகொண்டிருந்தன.

நம் பதிவுகளின் நிலை

பழைய தமிழ்ப் பாட்டுகளின் மூல டேப்கள் பல இன்று நல்ல நிலையில் இல்லை. ஆகவே ஸ்ட்ரீமிங்கில் கேட்பது எதிலிருந்து எடுத்தது என்று வெளியே தெரியாது. மூல டேப்பாக இருக்கலாம், தட்டாக இருக்கலாம், கேசட்டாகக்கூட இருக்கலாம். பெட்டியில் உள்ள தட்டுக்கு டர்ன்டேபிள் வாங்குவது தகுமா என்று பார்க்க, அதே பாட்டை ஸ்ட்ரீமிங்கில் ஹெட்ஃபோனில் போட்டு மூன்று இடங்களில் காது கொடுங்கள்.

முதலாவது, பாட்டு முடிந்து ஒலி தேய்ந்து மறையும் இடம். நீருக்குள்ளிருந்து வருவதுபோலக் குமிழியிட்டால் இரைச்சல் நீக்கும் மென்பொருளை அளவுக்கு மீறி ஓட்டியிருக்கிறார்கள். அதோடு தம்புராவின் ஜீவா, அதாவது தந்தியின் ரீங்காரமும் போயிருக்கும். இரண்டாவது, ‘ச’, ‘ஷ’, ‘ஸ’ வரும் சொற்கள். அவை சாம்பல் பூசியதுபோல மங்கியிருந்தால் கேசட்டிலிருந்து வந்திருக்க வாய்ப்பு அதிகம். மூன்றாவது, ஸ்டீரியோ. மோனோவில் பதிவான பாட்டில் வயலின் இடதுபக்கமும் தபேலா வலதுபக்கமும் போய்வந்து எதிரொலி சேர்ந்திருந்தால், யாரோ பின்னால் அலங்காரம் செய்திருக்கிறார்கள். இந்த மூன்றில் இரண்டு இருந்தால் உங்கள் தட்டு, கீறல் இல்லாத பட்சத்தில், அதைவிட நல்ல பதிவு. மூன்றும் இல்லையென்றால் ஸ்ட்ரீமிங்கையே கேளுங்கள்.

எழுபதுகளின் நடுப்பகுதி வரை வந்த தமிழ்த் தட்டுகளில் மோனோ நிறைய. அதை ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜில் போடும்போது ஆம்ப்ளிஃபயரின் மோனோ பொத்தானை அழுத்தவேண்டும். ஊசியின் மேல்கீழ் அசைவில் வரும் இரைச்சல் இரண்டு பக்கமும் எதிரெதிராக இருப்பதால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். செலவே இல்லாத சுத்தம். பொத்தான் இல்லாத ஆம்ப் வாங்குவதற்கு முன் யோசியுங்கள்.

டர்ன்டேபிள் என்று முடிவானால்

கார்ட்ரிட்ஜ் தருவது வெறும் 4, 5 மில்லிவோல்ட். சி.டி. பிளேயர் தருவது 2 வோல்ட், ஏறக்குறைய நானூறு மடங்கு. போதாததற்குத் தட்டு வெட்டும்போது தாழ்ஒலியை (பேஸ்) குறைத்து உச்ச ஒலியை (ட்ரெபிள்) கூட்டியிருப்பார்கள். ஆர்.ஐ.ஏ.ஏ. சமன்பாடு என்பது அதன் பெயர். ஃபோனோ ப்ரீஆம்ப் அதைத் தலைகீழாக்கித் தருகிறது. டர்ன்டேபிளை நேராக ஆக்ஸ் துளையில் மாட்டினால் டப்பாவுக்குள்ளிருந்து வரும் கொசுச் சத்தம் போலக் கேட்பதற்குக் காரணம் இதுதான். நேர்மாறான தவறும் உண்டு. டர்ன்டேபிளுக்குள்ளேயே ப்ரீஆம்ப் இருந்து, பின்னால் உள்ள ஸ்விட்ச் ‘லைன்’ பக்கம் இருக்க, ஆம்ப்ளிஃபயரின் ஃபோனோ துளையிலும் மாட்டினால் இரட்டைப் பெருக்கம் ஆகி ஒலி கிழிந்துபோகும். இரண்டில் ஒன்றுதான் வேலை செய்யவேண்டும்.

அந்தச் சமன்பாடு நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இடத்தில் ஒலியை 17 டெசிபல் தூக்குகிறது. வீட்டு எர்த் சரியில்லாத பழைய கட்டடங்களில் ‘ம்ம்’ என்ற முனகல் பெரிதாகக் கேட்பது இதனால்தான். டர்ன்டேபிளிலிருந்து வரும் மெல்லிய எர்த் கம்பியை ஆம்ப்பின் பின்னால் உள்ள திருகில் கட்டுங்கள். எல்லாக் கருவியையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் மாட்டுங்கள். அடாப்டர்களைக் கார்ட்ரிட்ஜ் பக்கமிருந்து ஒரு அடி தள்ளி வையுங்கள். பெரும்பாலும் முனகல் அடங்கிவிடும்.

ஊசியின் எடையை நீங்களே அமைக்கவேண்டிய டர்ன்டேபிளில், முதலில் ஊசியைத் தாங்கும் கை உள்பக்கம் இழுபடுவதைச் சமன்செய்யும் ஆன்டிஸ்கேட்டைப் பூஜ்யத்தில் வைத்து, பின்னால் உள்ள எடையைத் திருகி அந்தக் கை மேலேயும் போகாமல் கீழேயும் விழாமல் மிதக்கும்படி செய்யுங்கள். எண் வளையத்தை மட்டும் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். பிறகு எடையை முன்பக்கமாகத் திருகித் தயாரிப்பாளர் சொன்ன எண்ணில் நிறுத்துங்கள். ஆடியோ-டெக்னிக்கா வி.எம்.95.இ.க்கு 2 கிராம், ஆர்ட்டோஃபான் 2எம் ரெட்டுக்கு 1.8. ஆன்டிஸ்கேட்டையும் அதே எண்ணுக்கு. தட்டு தேயுமே என்று பயந்து எடையைக் குறைப்பது பெரும்பிழை. லேசான ஊசி பள்ளத்தில் அழுந்தி உட்காராமல் சுவரில் மோதிக்கொண்டே போகும், அதுதான் தட்டைக் கெடுக்கும். சூட்கேஸ் வடிவத்தில் விற்கும் மலிவான பிளேயர்களில் நேர்மாறாக ஐந்து கிராமுக்கு மேல் அழுத்தும் செராமிக் கார்ட்ரிட்ஜ் இருக்கும். தாத்தா காலத்துத் தட்டை அதில் வைக்காதீர்கள்.

ஊசி தேயும். நீள்வட்ட முனைக்கு ஆடியோ-டெக்னிக்கா சொல்லும் ஆயுள் 300 மணி நேரம். தினம் ஒரு மணி நேரம் கேட்டால் பத்தே மாதம். வேறு சிலர் ஆயிரம் மணி என்பார்கள். அந்த வேறுபாடு எவ்வளவு தேய்மானத்தை ஏற்கிறோம் என்பதில் இருக்கிறது. தட்டின் கடைசிப் பாட்டில் ‘ஸ்’ சீறத் தொடங்கினால் முதலில் ஊசியில் பஞ்சு சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பூதக்கண்ணாடியில் பார்த்தால் சாம்பல்நிறக் குஞ்சம் போல ஒட்டியிருக்கும். பின்னாலிருந்து முன்பக்கமாக மட்டும் தூரிகையால் தடவவேண்டும். சுத்தம் செய்தும் சீறினால் ஊசியை மாற்றும் காலம். புது ஊசியிலும் கடைசிப் பாட்டு கொஞ்சம் மங்கத்தான் செய்யும். தட்டின் வெளி ஓரத்தில் பள்ளம் ஊசிக்கடியில் நொடிக்கு 51 சென்டிமீட்டர் ஓடுகிறது. உள் ஓரத்தில் 21தான். அதே ஒலியை அரைவாசிக்கும் குறைவான நீளத்தில் திணித்திருக்கிறது. கச்சேரித் தட்டில் தனி ஆவர்த்தனமோ உச்சக்கட்ட சுரமோ வந்து விழுவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான் என்பது வருத்தமான விஷயம்.

78களுக்கு வேறு ஊசி. எல்.பி. ஊசியின் முனை அந்தப் பள்ளத்தின் அடியில் போய்க் குப்பையைக் கிளறும். மூன்று மில் (அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு) அகல ஊசி தேவை, தட்டும் 78இல் சுற்றவேண்டும். அவை அரக்குத் தட்டுகள் என்பதால் ஆல்கஹால் கலந்த எதையும் அருகில் கொண்டுபோகக்கூடாது, கரைந்துவிடும்.

மழைக்காலம்

மும்பையின் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான நான்கு மாதங்கள் தட்டுக்கும் டேப்புக்கும் சோதனைக்காலம். உறைக்குள்ளிருந்து எடுத்த தட்டை விளக்குக்குச் சாய்த்துப் பாருங்கள். வெள்ளைப் புள்ளிகள் கோலப்பொடி தூவியதுபோலப் படர்ந்திருந்தால் பூஞ்சை. எல்.பி.யை டிஸ்டில்டு வாட்டரில், அதாவது இன்வர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுகிற தண்ணீரில், பத்துக்கு ஒரு பங்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் இரண்டு சொட்டு வாசனையில்லாத பாத்திரச் சோப்பும் கலந்து, மென்மையான தூரிகையால் பள்ளத்தின் போக்கிலேயே வட்டமாகத் தேய்க்கவேண்டும். லேபிள் நனையக்கூடாது. பிறகு வெறும் டிஸ்டில்டு வாட்டரால் அலசி, நிழலில் நிறுத்தி உலரவிடுங்கள். போர் தண்ணீரும் டேங்கர் தண்ணீரும் வேண்டாம், உப்பு பள்ளத்தில் படிந்து அதுவே இரைச்சலாகும். பழைய காகித உள்ளுறையில்தான் பூஞ்சை குடியிருக்கிறது. அதைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிய உள்ளுறை போடாமல் கழுவினால் அடுத்த மழையில் மீண்டும் வரும். தட்டுகளைச் செங்குத்தாக, வெளிச்சுவரிலிருந்து தள்ளி வையுங்கள். மேல்தளத்து ஸ்லாப் கசியும் வீட்டில் பரண் மிக மோசமான இடம்.

கேசட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடும் மெல்லிய நாடா. ஒலித்தரத்தில் மூன்றாம் இடம்தான், இன்று அதற்காகக் காசு போடுவது வீண். வீட்டுக் கல்யாணத்து நாகஸ்வரமோ பாட்டி பாடிய பாட்டோ அதில் இருந்தால் மட்டும் நல்ல டெக் ஒன்றை இரவல் வாங்கி, தலையைச் சுத்தம் செய்து, தலையின் சாய்வைத் திருகால் மெல்லத் திருப்பி உச்ச ஒலி அதிகம் தெளியும் இடத்தில் நிறுத்தி, கணினியில் ஏற்றிவிடுங்கள். நாளை என்று தள்ளிப்போடாதீர்கள்.

டிஜிட்டல் என்று முடிவானால்

இந்தப் பக்கம் வேலை குறைவு, பலன் வேகம். மூலக்கருவிக்குச் செலவு மிகக் குறைவு. போனில் மாட்டும் சிறிய யு.எஸ்.பி. டாக் இன்று நல்ல சி.டி. பிளேயர்களுக்கு இணையாக அளவுகளைத் தருகிறது. ஆப்பிளின் யு.எஸ்.பி.-சி டாங்கிள் அதற்கு உதாரணம். சில ஆண்ட்ராய்டு போன்களில் மட்டும் அதன் உரம் குறைவாக வரும், வாங்கும் முன் மாட்டிப் பாருங்கள். ப்ளூடூத்தில் ஒலியைச் சுருக்கி அனுப்பும் எஸ்.பி.சி. கோடெக் நொடிக்கு அதிகபட்சம் 328 கிலோபிட் அனுப்புகிறது, சி.டி.யின் ஓட்டம் 1,411. சினிமாப் பாட்டுக்கு அது போதும், ஆனால் எதையும் இழக்காமல் ஒலியைத் தரும் லாஸ்லெஸ் சந்தாவுக்குக் காசு கொடுத்துவிட்டு ப்ளூடூத் காதுக்கருவியில் கேட்டால் லாஸ்லெஸ் உங்கள் காதுக்கு வருவதில்லை. ஆப்பிள் மியூசிக் 2021 முதல் லாஸ்லெஸைக் கூடுதல் கட்டணமின்றித் தருகிறது. 256 கிலோபிட்டாகச் சுருக்கிய ஏ.ஏ.சி. கோப்புக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தை மறைத்து வைத்துச் சோதித்தால் கண்டுபிடிப்பது மிகக் கடினம். யாரோ கேசட்டிலிருந்து ஏற்றி, வீடியோவாக மீண்டும் சுருக்கிய பாட்டைக் கண்டுபிடிக்க ஐந்து நொடி போதும். ப்ளூடூத் டர்ன்டேபிள் என்று ஒன்று விற்கிறார்கள். தட்டின் பராமரிப்புச் சுமை முழுவதும் உங்களுக்கு, கடைசியில் கேட்பது சுருக்கிய டிஜிட்டல்.

மிச்சமாகும் காசு ஸ்பீக்கருக்கும் அறைக்கும் போகட்டும். ஒலி கெடுவதில் பெரும்பங்கு அங்கேதான். பத்துக்குப் பன்னிரண்டு அடி ஹாலில், பன்னிரண்டு அடி தள்ளி நிற்கும் சுவர்களுக்கு நடுவே 47 ஹெர்ட்ஸ் அருகிலும், பத்தடி தள்ளி நிற்கும் சுவர்களுக்கு நடுவே 56 ஹெர்ட்ஸ் அருகிலும் ஒலி தங்கி உறுமும். பேஸ் கிதாரும் தவிலின் அடியும் அங்கே வீங்கும். சோபாவைப் பின்சுவரோடு ஒட்டாமல் இரண்டடி முன்னால் இழுப்பது முதல் வைத்தியம். தரை டைல்ஸ் மேல் கனமான விரிப்பும், பால்கனிக் கண்ணாடிக்கு அடர்ந்த திரையும் அடுத்தது. யூமிக்-1 போன்ற அளவு மைக்கும் ஆர்.இ.டபிள்யூ. என்ற இலவச மென்பொருளும் கொண்டு அளந்து, வீங்கிய இடத்தில் மட்டும் நான்கைந்து டெசிபல் வெட்டினால் ஸ்பீக்கரையே மாற்றியதுபோலத் தெளியும். பள்ளமாக இருக்கும் இடத்தைத் தூக்க முயலாதீர்கள், ஆம்ப் திணறுமே தவிரப் பள்ளம் நிரம்பாது. இந்தத் திருத்தம் டிஜிட்டலில் ஒரு நொடி வேலை. தூய அனலாக் வழியில் இதற்கு எளிய வழி கிடையாது. மும்பை அளவு ஹாலில் டிஜிட்டலின் மிகப்பெரிய ஆதாயமாக நாம் கருதுவது இதைத்தான்.

யாருக்கு எது

பெட்டியில் பத்துத் தட்டுக்குக் குறைவு, அவையும் ஸ்ட்ரீமிங்கில் நன்றாகக் கிடைக்கின்றன என்றால் டர்ன்டேபிள் வேண்டாம். அறுபதில் நாற்பதாயிரம் ஸ்பீக்கருக்கும் ஆம்ப்புக்கும், ஐந்து மூலக்கருவிக்கு, மிச்சம் அறைக்கு. முப்பது தட்டுக்கு மேல் இருந்து, பாதிக்கு மேல் மேலே சொன்ன மூன்று சோதனையில் ஸ்ட்ரீமிங்கை வென்றால் இருபத்தைந்தாயிரம் வரை டர்ன்டேபிளுக்குப் போகலாம். ஆனால் சுத்தம் செய்யும் பொருளுக்கும் மாற்று ஊசிக்கும் ஐந்தாயிரம் தனியாக எடுத்துவையுங்கள், ஸ்பீக்கருக்கு முப்பதுக்குக் குறையாதீர்கள். தட்டு எதுவும் இல்லாமல், சோர் பஜாரின் மட்டன் தெருவில் இனிமேல்தான் வாங்கப்போகிறோம் என்பவர்கள் ஒலித்தரத்தைக் காரணம் காட்டாமல் ஆசைக்காக வாங்குங்கள். அந்த ஆசையில் தவறில்லை. கடையில் தட்டைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். மயிரிழைக் கீறல்கள் பெரும்பாலும் கேட்காது. நகத்தால் மெல்லத் தடவும்போது தட்டுப்படும் கீறல் ஒவ்வொரு சுற்றிலும் கேட்கும்.

பத்துக்கும் முப்பதுக்கும் நடுவில் இருப்பவர்களுக்கு மூன்றாவது வழி உண்டு, நம் பரிந்துரையும் அதுதான். ஒழுங்காக அமைத்த டர்ன்டேபிள் வைத்திருக்கும் நண்பரிடம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை கேட்டு வாங்கி, எல்லாத் தட்டையும் கழுவி, 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் ஏற்றிவிடுங்கள். உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாதபடி உரத்தை வையுங்கள். ஒரு மணி நேரம் சுமார் 2 ஜி.பி. ஆகும், தரம் இழக்காமல் சுருக்கும் ஃப்ளாக் கோப்பாக ஆக்கினால் அதில் கணிசமாகக் குறையும். இரைச்சல் நீக்கும் கருவியைத் தொடாதீர்கள், பெரிய வெடிப்புகளை மட்டும் கையால் எடுங்கள். கோப்பின் பெயரில் தட்டின் எண், பக்கம், மோனோவா ஸ்டீரியோவா, எந்தக் கார்ட்ரிட்ஜ் என்று எழுதி இரண்டு டிஸ்க்கில் வையுங்கள். ஒன்று மும்பை வீட்டில், இன்னொன்று ஊரில்.